மேனிபோல்டு பேக்கிங்

எங்கள் வண்டி ஆயில் குடிக்கத் தொடங்கியது 1993 பொங்கல் கழிந்த சமயத்தில். டாடா 1210, அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சங்ககிரிப் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு நாளுக்கு மூன்று நடை ஓடும். விடிந்ததும் அப்பா பல் விளக்குவதற்கு முன்னால் பானெட்டைத் தூக்கி ஆயில் குச்சியை உருவுவார். வேஸ்டில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, கிழக்குப் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடிப்பார். முந்தின நாள் மேல்கோட்டில் நின்ற ஆயில் அன்று காலை கீழ்கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். குச்சியைத் திரும்பச் செருகிவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போவார். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சத்தமில்லாமல் நடமாடுவோம்.

வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. ஒழுகாத ஆயில் எங்கே போகும்? அப்பாவுக்குத் தோன்றிய பதில் ஒன்றுதான். டிரைவர் எடுத்து விற்கிறார். லாரித் தொழிலில் இந்தச் சந்தேகம் புதிதல்ல; டீசல், ஆயில், ஸ்டெப்னி, தார்ப்பாய் என்று எதுவும் வழியில் காசாகும் என்று முதலாளிமார் பேசிக்கொள்வார்கள். எங்கள் டிரைவர் அண்ணன் நாலு வருடம் எங்களோடு இருந்தவர். என்னை மடியில் வைத்து ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். ஒரு நாள் இரவு திண்ணையில் வைத்து அப்பா கேட்டேவிட்டார்.

“என்ர புள்ள மேல சத்தியமுங்க மொதலாளி, சொட்டு ஆயில் நான் தொடலீங்க.”

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் சாவியைத் திண்ணைத் தூணோரம் வைத்தார். வண்டிக்குப் போய் சீட்டுக்கு அடியிலிருந்து லுங்கியையும் சீப்பையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அம்மா சோறு போட எழுந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு இருட்டில் நடந்து போனார்.

அடுத்து வந்த டிரைவரிடமும் ஆயில் குறைந்தது. டிரைவர்களே இப்படித்தான் என்றார் அப்பா.

பிறகு பின்னால் நீலப்புகை கிளம்பியதும்தான் இன்ஜின் மேல் கண் போனது. ஒரு பட்டறையில் விட்டு இன்ஜினை இறக்கிப் பிரித்தார்கள். பிஸ்டன் ரிங்குகள் கூர் தட்டிப் போயிருந்தன. லைனரின் உள்சுவரில் மேலிருந்து விரலை ஓட்டினால், ரிங் ஏறி நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே நகம் ஒரு படியில் தட்டியது. ரிங் உரசாத மேல்விளிம்பு பழைய அளவிலேயே நிற்க, அதற்குக் கீழே சுவர் தேய்ந்து உள்வாங்கியிருந்தது. புது லைனர், புது ரிங், பேரிங், கேஸ்கட் செட் என்று போட்டு மூட்டிக் கொடுத்தார்கள். அம்மாவின் கொடி சங்கிலி அடகுக்குப் போனது. எட்டு மாதத்தில் ஆயில் மறுபடி குறையத் தொடங்கியது. இரண்டாம் முறையும் இன்ஜின் இறங்கியது. இரண்டாம் முறையும் நகம் படியில் தட்டியது. உதிரிபாகம் மட்டம் என்று பட்டறையில் சொன்னார்கள். அப்பா கடைக்காரரோடு சண்டை போட்டார். மாற்றிய ரிங்கும் நாலைந்து மாதத்தில் அதே வேலையைக் காட்டியது. வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று பேச்சு வந்தது.

அப்போதுதான் யாரோ இந்த மேஸ்திரியைச் சொன்னார்கள். 1994, மே மாதம். நான் பிளஸ் டூ எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். அந்த மூன்று நாட்களும் அவர் பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றதால்தான் இதை எழுத முடிகிறது.

மேஸ்திரிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். வண்டியைப் பார்த்ததும் “பென்ஸா?” என்றார். ஜாம்ஷெட்பூரில் 1954-ல் ஜெர்மன் பென்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து டாடா லாரி செய்யத் தொடங்கியது. 15 வருட ஒப்பந்தம் முடிந்து 1969-ல் முகப்பிலிருந்த நட்சத்திரம் போய்விட்டது. ஆனாலும் அவர் தலைமுறைக்கு அது பென்ஸ்தான். இன்ஜினைத் திறக்கவில்லை. ஸ்பானரைக்கூடத் தொடவில்லை. ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, ஐடிலில் ஓடவிட்டு, மட்கார்டு மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். ஒரு பீடி எரிந்து முடியும் நேரம்.

“ஏர் கிளீனர் ஆரு கழுவறது?” என்றார்.

“நானேதானுங்க. வாராவாரம் தவறாம,” என்றார் அப்பா. அதில் அவருக்குப் பெருமை உண்டு. ஆயில் பாத் வகை ஏர் கிளீனர். உள்ளே வரும் காற்று அடியிலிருக்கும் ஆயில் மேல் பாய்ந்து திரும்பும்போது தூசு ஆயிலில் ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அதைக் கழற்றி, சேறாகிக் கிடக்கும் ஆயிலைக் கொட்டி, டீசலில் அலசி, புது ஆயில் விட்டு மாட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். குவாரியில் ஓடும் வண்டிக்கு அதுதான் உயிர் என்று அவருக்குத் தெரியும்.

மேஸ்திரி பட்டறைக்குள் போய் ஒரு பலகையோடு வந்தார். சாண் அளவுக்குச் சதுரமாக இருந்தது. ஒரு பக்கம் பழைய டியூப் ரப்பரை இழுத்து ஆணி அடித்திருந்தது. என் தோளில் கிடந்த துண்டை எடுத்து வைக்கச் சொன்னார். ஏர் கிளீனரிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிபோல்டின் வாயைத் திறந்துவிட்டார். ஓடுகிற இன்ஜினின் திறந்த வாயருகே அதற்கு முன் நான் நின்றதில்லை. ஹோவென்று இழுத்தது. எங்கள் 692 இன்ஜினுக்குப் பேரிலேயே அளவு உண்டு: ஆறு சிலிண்டர், 92 மில்லிமீட்டர் விட்டம். மொத்தம் சுமார் 4.8 லிட்டர் கொள்ளளவு. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அவ்வளவு காற்றையும் புதிதாக இழுக்க வேண்டும். நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடினால், வழியிலுள்ள தடையைக் கழித்தாலும் நிமிடத்துக்கு 4000 லிட்டர் காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர்தான் இழுப்பான். ஒரு கல்யாண மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்கும் சனங்களின் மூச்சை எங்கள் வண்டி ஒன்று இழுத்தது. அதுவும் ஜல்லி உடைக்கும் இடத்தில் நின்றுகொண்டு.

மேஸ்திரி பலகையை அந்த வாயில் வைத்து அழுத்தினார். பலகை டப்பென்று ஒட்டிக்கொண்டது. இன்ஜின் திணறி, இரண்டு அடி அடித்து நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. இருமிக்கொண்டு, கரும்புகை கக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி ஓடியது. அந்தத் தட்டுத்தடுமாறலுக்கு நடுவே வேறொரு சத்தம் எழுந்தது. உஸ்ஸென்று, அடுப்பில் பால் பொங்கி வழியும்போது வருமே அப்படி ஒரு சத்தம்.

“கேக்குதா கண்ணு? மூக்கப் பொத்தியாச்சு. அப்பறம் எப்படி மூச்சு உடறான்?”

ஆயில் கேனின் நீளமூக்கை மேனிபோல்டும் ஹெட்டும் நடுவே பேக்கிங் வைத்துச் சேரும் விளிம்பில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போனார். ஓரிடத்தில் ஆயில் கீழே வழியாமல் உள்ளே போனது. கண்ணெதிரே, எறும்புப் புற்றில் தண்ணீர் இறங்குவது போல. அந்த நொடி உஸ் சத்தம் அடங்கியது. ஆயில் காய்ந்ததும் மறுபடி எழுந்தது.

பெட்ரோல் இன்ஜினில் இப்படி ஓர் ஓட்டை விழுந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். அங்கே காற்றும் பெட்ரோலும் அளந்து கலக்கப்படுகின்றன. அளக்காத காற்று உள்ளே வந்தால் கலவை நீர்த்துப்போய், ஐடிலில் குலுங்கும், விட்டுவிட்டு அடிக்கும், நின்றே போகும். டீசலுக்கு அந்தக் கணக்கு இல்லை. காற்றை முறுக்கித் தடுக்கும் கதவு அதற்குக் கிடையாது. சிலிண்டர் கொள்ளுமட்டும் காற்றை ஒவ்வொரு தடவையும் இழுத்துக்கொள்ளும்; வேகம் கூடுவதும் குறைவதும் பம்ப் பீய்ச்சும் டீசலைப் பொறுத்தது. காற்று ஏர் கிளீனர் வழியாக வந்ததா, பேக்கிங் சந்து வழியாக வந்ததா என்று அது பார்ப்பதில்லை. காற்றின் உறிஞ்சலை வைத்தே கவர்னரை இயக்கிய சில பழைய டீசல் இன்ஜின்கள் இதற்கு விலக்கு. அவற்றில் இந்த ஓட்டை வண்டியைத் தாறுமாறாக இரைய வைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். எங்களுடையது அந்த வகை இல்லை. இழுவை குறையவில்லை, ஸ்டார்ட்டிங் கெடவில்லை, சத்தம் மாறவில்லை. ஓட்டுகிறவர் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. அண்ணன் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று அப்பா ஒருமுறை கத்தியது நினைவிருக்கிறது. வண்டி அவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மற்ற எல்லாம் அந்தச் சந்தில் தொடங்கியது. ஏர் கிளீனரைத் தொடாத குவாரிப் புழுதி அந்த வழியாகத்தான் உள்ளே போனது. லைனருக்கும் ரிங்குக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் சில மைக்ரான் தடிமன்தான். தலைமுடி ஒன்று எழுபது மைக்ரான் வரும் என்றால் கணக்குப் பாருங்கள். பெரிய மண்துகள் அந்த இடுக்கில் நுழைய முடியாது. படலத்தின் தடிமனை ஒட்டிய பொடித்துகள்தான் உள்ளே புகுந்து, இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு அறுக்கும். கண்ணுக்குத் தெரியும் புழுதியைவிடத் தெரியாத புழுதி கெட்டது. கருங்கல் உடைந்த தூசில் இருக்கும் குவார்ட்ஸ் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. ரிங் தேய்ந்தால் சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலை வழித்துக் கீழே தள்ள முடியாது. வழிக்காத ஆயில் மேலே ஏறி டீசலோடு சேர்ந்து எரிந்து புகைக்குழாய் வழியாகப் போய்விடும். கீழே ஒழுகாது. குச்சியில் மட்டும் குறையும்.

“ஒரு கைப்பிடி மண்ணு போதும் கண்ணு, ஒரு இன்ஜினக் கொல்ல,” என்றார் மேஸ்திரி.

அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள்தான் பிரித்தோம். முந்தின இரவே நட்டுகளுக்கெல்லாம் டீசல் விட்டு ஊறவைத்திருந்தார். சூட்டில் வெந்த ஸ்டட்டை அவசரப்பட்டுத் திருகினால் ஹெட்டுக்குள் ஒடியும், அப்புறம் ஒரு நாள் வேலை ஒரு வாரமாகும் என்று சொன்னார். ஒவ்வொரு நட்டையும் கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்ப முடுக்கி, மறுபடி கழற்றினார். அப்படி அசைத்து அசைத்து எடுத்ததில் ஒன்றும் ஒடியவில்லை. மேனிபோல்டு கழன்று வந்தது. கைப்பையன் அதைத் தாங்கிப் பிடித்துக் கீழே இறக்கினான்.

மேஸ்திரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஹெட்டின் துவாரங்களில் உட்புறம் கறுத்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது, ஒன்றைத் தவிர. அந்தத் துவாரத்தின் விளிம்பில் மெல்லிய சாம்பல்நிறத் தூசுப்படலம். திருநீற்றை விரலில் தொட்டு இழுத்தது போல ஒரு கோடு பேக்கிங் விளிம்பிலிருந்து கிளம்பி உள்ளே வால்வை நோக்கிப் போயிருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசாததற்கான காரணம் ஒரு விரற்கடை அகலத்தில் அங்கே இருந்தது. தொட்டுப் பார்த்தேன். நெறுநெறுவென்றது.

துவாரங்களை மூடினார். சுத்தமான வெள்ளைத்துணியைச் சுருட்டி ஒவ்வொன்றாகத் திணித்தார். திணிக்கத் திணிக்க, சுண்ணாம்புக்கட்டியால் சேஸிஸ் மேல் ஒரு கோடு போட்டார். “துணிக்கு ஒரு கோடு. எடுக்கறப்ப கோட்ட அழிக்கணும். ஒரு கோடு மிச்சமிருந்தாச் சாவியத் தொடக் கூடாது.” ஒரு நட்டோ வாஷரோ அந்தத் துவாரத்தில் விழுந்தால் வால்வைத் தாண்டி சிலிண்டருக்குள் போகும், பிஸ்டன் அதை ஹெட்டோடு வைத்து அடித்து நொறுக்கும். மறந்து விட்ட துணியும் அப்படித்தான். பிற்காலத்தில் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் பஞ்சுத்துணிகளை எண்ணி வைப்பதைப் பற்றி ஒரு டாக்டர் சொன்னபோது எனக்கு அந்தச் சுண்ணாம்புக் கோடுகள்தான் கண்முன் வந்தன.

பிறகு சுரண்டல். பழைய பேக்கிங் ஹெட்டில் பாதியும் மேனிபோல்டில் பாதியுமாகப் பிய்ந்து, கருகி ஒட்டியிருந்தது. அதன்மேல் போன பட்டறையில் அப்பிய சிலிகான் வேறு. இரண்டு முறையும் புது பேக்கிங் போட்டுத்தான் மூட்டியிருக்கிறார்கள், அதில் பொய்யில்லை. உட்காரவில்லை என்றதும் சிலிகானைத் தாராளமாகப் பிதுக்கியிருக்கிறார்கள். ஏன் உட்காரவில்லை என்று பார்க்கவில்லை. மேஸ்திரி உளித்தகடால் சுரண்டினார். அரை நாள் ஆனது. ஒரு இடத்தைச் சுரண்டி, விரல்நுனியால் தடவி, மறுபடி சுரண்டி, டீசல் தொட்ட துணியால் துடைத்து, சாய்ந்து நின்று வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி அதே இடத்தைச் சுரண்டுவார். எனக்குச் சலிப்பாக இருந்தது. இன்றைக்கு எழுத உட்காரும்போதெல்லாம் அந்த அரை நாளை நினைத்துக்கொள்கிறேன்.

சுரண்டி முடித்த மேனிபோல்டின் முகத்தில் இரும்பு ரூல்தடியை நெட்டுக்குத்தாக நிறுத்தினார். பின்னால் டார்ச் பிடிக்கச் சொன்னார். தடிக்கும் முகத்துக்கும் நடுவே, வால்வுக்குள் கோடு போன அதே துவாரத்தின் நேரே, நூல் போல வெளிச்சம் கசிந்தது. பில்லர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக அந்த வெளிச்சத்தில் நுழைத்துப் பார்த்தார். 0.20 மில்லிமீட்டர் தகடு தடங்கலில்லாமல் போய் வந்தது. மேனிபோல்டு வளைந்திருந்தது. எப்போதோ யாரோ இரண்டு முனை நட்டுகளை முதலில் இறுக்கி, நடுவைப் பிறகு பிடித்திருக்க வேண்டும் என்றார். சூடாகி ஆறி, சூடாகி ஆறி அந்த வளைவே அதற்கு உருவமாகிவிட்டது. அதன்மேல் எத்தனை புது பேக்கிங் போட்டாலும் நடுவில் அழுத்தம் விழாது.

பேக்கிங் என்றால் ஒட்டும் பொருள் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அது எதையும் ஒட்டுவதில்லை. எவ்வளவு சீராகக் கடைந்தெடுத்த இரும்பு முகத்திலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் உண்டு. போல்ட் இழுக்கும் இழுப்பில் மெத்தென்ற தாள் நசுங்கி அந்தப் பள்ளங்களுக்குள் போய் உட்காருகிறது. முடுக்கிய போல்ட் துளியளவு நீண்டு, ஸ்பிரிங் போல இழுத்துக்கொண்டே இருப்பதுதான் அதைப் பிடித்து வைக்கிறது. மேனிபோல்டு அலுமினிய வார்ப்பாக இருந்தால் இன்னொரு சிக்கல். அதே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். காலையும் மாலையும் மேனிபோல்டு ஹெட்டின் மேல் தவழ்ந்து தவழ்ந்து பேக்கிங்கைத் தேய்க்கும். இரண்டு பேருக்கு நடுவே நசுங்கி நசுங்கியே வேலை செய்யும் பொருள் அது. ஒரு தடவை நசுங்கியதைக் கழற்றினால் திரும்பப் போடக் கூடாது என்பது அதனால்தான். இரண்டாவது முறை நசுங்க அதில் ஒன்றும் மிச்சமிருக்காது.

மேனிபோல்டைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனோம். முகத்தை ஒரே மட்டமாகக் கடைந்து கொடுத்தார்கள். கடையில் வாங்கிய ரெடிமேட் பேக்கிங்கை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மேஸ்திரி ஓரமாக வைத்தார். உள்ளேயிருந்து ஒரு பேக்கிங் ஷீட்டை எடுத்து மேனிபோல்டின் முகத்தில் விரித்தார். குண்டுத்தலைச் சுத்தியால் விளிம்பை ஒட்டி மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே போனார். அடியிலிருக்கும் இரும்பின் விளிம்பே கத்தியாகி ஷீட்டை அறுத்தது. போல்ட் ஓட்டைகளுக்குப் பழைய பேரிங்கிலிருந்து எடுத்த குண்டு ஒன்றை ஓட்டையின் மேல் வைத்து ஒரே ஒரு தட்டு. நறுக்கென்று வட்டம் கீழே விழுந்தது. கால் மணி நேரத்தில் பேக்கிங் தயார். வெட்டி முடித்ததும் தூக்கிப் பிடித்து, ப்பூ என்று ஊதினார். தூள் பறந்தது. நான் எதிரில் நின்றிருந்தேன்.

அந்த ஷீட் கல்நார். அந்தக் காலத்துப் பேக்கிங் ஷீட்டுகளில் பெரும்பாலானவை கல்நாரை ரப்பரோடு சேர்த்து அழுத்தியவை. முழு ஷீட்டாக இருக்கும்போது அதனால் பெரிய கெடுதல் இல்லை. கருகிய பழசை உலர்ந்தபடி சுரண்டும்போதும், தட்டி அறுக்கும்போதும், ஊதும்போதும்தான் அதன் இழைகள் காற்றில் கலக்கும். கல்நாரின் எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. உள்ளே போன இழை இருபது, முப்பது, நாற்பது வருடம் சும்மா இருக்கும். எங்கள் பட்டறை நாட்களுக்கு அடுத்த வருடம், 1995 ஜனவரியில், உச்சநீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்கள் பற்றிய வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தொழிலாளியின் உடல்நலம் அவருடைய வாழ்வுரிமையின் பகுதி என்றது. ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 வருடம், அல்லது ஓய்வு பெற்றபின் 15 வருடம், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை காப்பாற்றி வைக்க வேண்டும் என்று ஆலைகளுக்கு உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. சாலையோரப் பட்டறையில் பேக்கிங் சுரண்டும் மேஸ்திரியின் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறும்? இன்றைக்குக் கல்நார் இல்லாத ஷீட் எங்கும் கிடைக்கிறது. ஆனாலும் இந்த நாட்டில் கல்நாருக்கு முழுத்தடை வரவில்லை. இறக்குமதி செய்து பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறோம். பழைய வண்டியைப் பிரிக்கும் ஒவ்வொரு பையனும் அந்தக் காலத்துப் பேக்கிங்கைத்தான் சுரண்டுகிறான். சுரண்டுவதற்கு முன் தண்ணீரோ எண்ணெயோ விட்டு நனைத்துக்கொள், வாயால் ஊதாதே, ஏர் பைப் பிடிக்காதே என்று அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும். சொன்னால் போதும், காசு செலவில்லாத காரியம்.

மேஸ்திரிக்கு இருமல் இருந்தது. பீடியும் பிடித்தார். எதனால் எது வந்தது என்று யார் பிரித்துச் சொல்வது?

மூட்டும் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. துணிகளை எடுக்க எடுக்க என்னைக் கோட்டை அழிக்கச் சொன்னார். கடைசிக் கோடு அழிந்ததும் அவரே குனிந்து ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார். பேக்கிங்குக்கு சிலிகான் தடவலாமா என்று கைப்பையன் கேட்டதற்கு முறைத்தார். பிதுங்கி உள்ளே காய்ந்து நிற்பது என்றைக்காவது பிய்ந்து இன்ஜினுக்குள் போகும். நட்டுகளை எல்லாம் கையால் ஏற்றிவிட்டு, குட்டை ரிங் ஸ்பானரை எடுத்து நடுநட்டில் வைத்தார்.

“தோசைக்கு மாவ எங்க ஊத்துவாங்க உங்கம்மா?”

“நடுவுலங்க.”

“அப்பறம் கரண்டி?”

“வெளிய இழுப்பாங்க.”

“அவ்வளவுதான் வேல.”

நடுவிலிருந்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று முனைக்குப் போனார். முதல் சுற்றில் லேசாக. இரண்டாம் சுற்றில் கொஞ்சம். மூன்றாம் சுற்றில்தான் இறுக்கம். ஸ்பானருக்குப் பைப் போட்டு நீட்டிக்கொள்ளவில்லை. கடைசி இழுப்பில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். ஒவ்வொரு நட்டுக்கும் ஒரே அளவு. இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலை வந்து அதே வரிசையில் மறுபடி ஸ்பானர் போட்டார். ஏறக்குறைய எல்லா நட்டும் நூலளவு நகர்ந்தன. புது பேக்கிங் ராத்திரியில் உட்கார்ந்திருந்தது.

தேய்ந்த ரிங் தேய்ந்ததுதான், அது திரும்ப வளராது என்று அப்பாவிடம் சொன்னார். இனிமேல் தேய்வது நிற்கும். கொஞ்சம் ஆயில் ஊற்றிக்கொண்டே ரெண்டு மூணு வருடம் ஓட்டலாம், அதற்குள் காசு சேர்த்துக்கொண்டு இன்ஜினை இறக்கலாம் என்றார். அப்படியேதான் ஆனது.

பிறகு பலகையை எடுத்து வந்தார். ஐடிலில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மேனிபோல்டின் வாயில் பலகையை வைத்தார். டப். ஒரு குலுக்கல். இரண்டு எண்ணுவதற்குள் இன்ஜின் நின்றுவிட்டது.

மூன்று நாளாக இரைச்சலிலேயே நின்றவர்களுக்கு அந்த அமைதி விசித்திரமாக இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தில் அணில் கத்துவது கேட்டது. மேஸ்திரி பலகையை எடுக்கவில்லை. இன்ஜின் உறிஞ்சிய உறிஞ்சலில் அது தானாகவே ஒட்டிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் தளர்ந்து அவர் கைக்கு வந்தது.

அப்பா கேட்டார்: “ஏனுங்க மேஸ்திரி, முன்ன எங்க வண்டில இருந்தானுங்களே, அந்த டிரைவரு... இப்ப எங்க ஓட்டறான்னு தெரியுமுங்களா?”

“அவனா? திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்குப் போய்ட்டான்னு சொன்னாங்க. வடக்க எங்கியோ போர் போடறாங்களாம். வர ஆறு மாசம் ஆகுமுங்க.”

அப்பா தலையை ஆட்டினார். பானெட்டுக்குள் குனிந்து ஆயில் குச்சியை உருவினார். துடைக்கவில்லை. வெளிச்சத்தில் பிடிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு அப்படியே திரும்பச் செருகினார்.